கருவிழிப்படல அறிதல்

கருவிழிப்படல அறிதல் என்பது கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுடைய படலத்தின் இழையமைப்பைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணும் உயிரளவியல் முறையாகும். பேச்சுவழக்கில் இது கருவிழிப் பதிவு எனப்படுகிறது. விழித்திரையின் குருதி நாளங்களைப் படிக்கும் விழித்திரை வருடல் இதிலிருந்து வேறானது.

இந்தியாவின் ஆதார் திட்டத்தில் பத்து விரல்ரேகைகள், முகப்படம் ஆகியவற்றுடன் இரு கண்களின் படலங்களும் பதியப்படுகின்றன. முதல் ஆதார் எண்கள் 2010 செப்டெம்பரில் மகாராட்டிர மாநிலத்தின் தெம்பிலி சிற்றூரில் வழங்கப்பட்டன. உழவுத் தொழிலாளர், கட்டடத் தொழிலாளர், முதியோர் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்துவிடுவதுண்டு. செஞ்சியைச் சூழ்ந்தவை போன்ற வேளாண் ஊர்களில் இது சிறு குறையன்று. கருவி ரேகையை ஏற்காவிடில் நியாயவிலைக் கடையில் அரிசி பெறுவதே தடைப்படக்கூடும். இதனால் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் கருவிழி வருடிகளும் பயன்பாட்டுக்கு வந்தன.

செயற்படும் விதம்

இன்று பரவலாகவுள்ள முறைக்கு அடிப்படை, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் உருவாக்கிய படிமுறைத் தீர்வாகும். இதற்கு 1994 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கருவி 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியில் கண்ணைப் படமெடுக்கிறது. நம்மவரின் கரும்பழுப்புக் கண்களில் மெலனின் நிறமி மிகுதி. சாதாரண ஒளியில் இழைகள் தெளிவாகத் தெரியா. அகச்சிவப்பு ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் அவை புலப்படுகின்றன.

பின்னர் இமையும் மயிரும் மறைத்த பகுதிகள் நீக்கப்பட்டு, வளைய வடிவப் படலம் செவ்வகமாக விரிக்கப்பட்டு, 2048 பிட்டுகள் கொண்ட குறியீடாக மாற்றப்படுகிறது. இரு வேறு கண்களின் குறியீடுகளில் ஏறத்தாழப் பாதிப் பிட்டுகள் வேறுபடும். வேறுபாடு மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாயின் இரண்டும் ஒரே கண் எனக் கொள்ளப்படும். ஒருகரு இரட்டையருக்கும், ஏன், ஒருவரின் இடக்கண், வலக்கண்ணுக்கும் கூட இழையமைப்பு ஒன்றாக இராது.

பாதுகாப்பு

கருவி எக்சு-கதிரையோ சீரொளியையோ கண்ணுள் செலுத்துவதில்லை. ஒளியுமிழ் இருமுனையத்தின் மெல்லொளியே சில நொடிகள் படுகிறது. ஆயினும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண் கூசி இமை மூடுவதில்லை. ஆகவேதான் ஒளியின் அளவிற்கு ஐஈசி 62471 என்னும் அனைத்துலகச் சீர்தரம் வரம்பு விதிக்கிறது. கண்புரை அறுவைக்குப்பின் கண்மணியின் வடிவம் மாறினால் சிலருக்குப் பழைய பதிவு பொருந்தாமற் போகலாம். அவர்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

கண்ணைவிடத் தரவுக்கே இடர் மிகுதி. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம்; கண்ணை மாற்ற இயலாது. 2017 இல் செருமனியின் கேயாசு கணினிக் கழகத்தினர், கண்ணின் அச்சிட்ட படத்தின்மீது தொடுவில்லை ஒன்றை வைத்துச் சாம்சங் கேலக்சி எஸ்8 பேசியைத் திறந்து காட்டினர். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் கருவிழிப் பதிவைப் பிறருடன் பகிர்வதைத் தடை செய்கிறது. பயனர் தம் உயிரளவியல் தரவைத் தாமே பூட்டி வைக்கவும், தேவைப்படும்போது திறக்கவும் ஆதார் ஆணையம் வசதி அளித்துள்ளது.