தப்பி நின்ற எண்

ஒரு ஞாயிறு அதிகாலை ரெண்டரை மணிக்கு போன். "ஆர்டர் எதுவும் உள்ளே போகலைண்ணா, கொஞ்சம் பாருங்க" என்றான் இரவு ஷிஃப்டில் இருந்த தம்பி. லாக்கைத் திறந்தேன். கடைசியாகப் பதிவான வரிசை எண் 2147483647. உடனே புரிந்துவிட்டது. 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் அது. 2-இன் 31-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு. "அவ்வளவு தூரம் எங்கே வரப்போகுது" என்று சொல்லி அந்த டேபிளை வடிவமைத்தவன் நானேதான்.

அந்த எண் ஒரு பகா எண் என்பதும், அதற்கு நீண்ட வரலாறு உண்டு என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பொலோன்யாவில் கணிதம் கற்பித்த கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில், 2-ஐ 17, 19, 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்றார். முதல் இரண்டை வகுத்தே பார்த்திருந்தார். அவரிடம் 750 வரையிலான பகா எண்களின் பட்டியல் இருந்தது. 19-க்கு அது போதும். 31-க்கோ 46,340 வரை போக வேண்டும். ஆக, மற்ற நான்கும் ஊகம். 23-ஐயும் 37-ஐயும் 1640-இல் ஃபெர்மா உடைத்தார். 29-ஐ 1730-களில் ஆய்லர் உடைத்தார். 31 மட்டும் தப்பி நின்றது. தப்பி நின்றதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. இன்னும் யாரிடமும் மாட்டவில்லை, அவ்வளவுதான். என் டேபிளும் அப்படித்தான் பல வருஷம் ஓடியது.

1772-இல் ஆய்லர் மறுபடி அதைக் கையில் எடுத்தார். பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. 46,340-க்குள் 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அவர் கண்டது. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். எல்லைக்குள் அப்படி இருப்பவை 400-க்கும் குறைவு. அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றுகூட வகுக்கவில்லை. பெர்னூலிக்கு அவர் எழுதிய கடிதமாக அந்த முடிவு பெர்லின் அகாதமியின் தொகுதியில் அச்சானது.

கட்டால்டி சொன்னது சரிதான். ஆனால் அது சரி என்று தெரிய 169 வருஷம் ஆயிற்று.

அன்று விடிவதற்குள் அந்த வரிசை எண்ணை 64 பிட்டுக்கு மாற்றினோம். புதிய எல்லை 2-இன் 63-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு. அது பகா எண் இல்லை. 63 மூன்றால் வகுபடும். அதனால் அந்த எண் 7-ஆல் வகுபட்டே தீரும். இதற்கு பேனாகூட வேண்டாம். இந்த முறை எல்லை எப்போது வரும் என்று கணக்குப் போட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.