சமையற்குறிப்பும் சட்டகமும்: மென்பொருள் கையேடுகளில் 'செய்முறை' என்னும் வகைமையின் வரலாறு

1971 நவம்பர் 3 ஆம் நாளிட்டு பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதற்பதிப்பு, கணினி ஆவணமாக்கத்தின் வரலாற்றில் ஒரு மைல்கல். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய அக்கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இடம் உண்டு. பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், அறியப்பட்ட பிழைகள் என்ற ஒழுங்கு எங்கும் மாறாமல் பின்பற்றப்பட்டது. குறைகளை மறைக்காமல் 'பிழைகள்' என்றே தலைப்பிட்டு எழுதிய நேர்மை இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் அக்கையேடு அகராதியைப் போன்றது. சொல்லை அறிந்தவர் அதில் பொருளைக் கண்டடையலாம். பொருளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுபவர் அதில் நுழைய வழியில்லை. எந்தக் கட்டளை என்ன செய்யும் என்பதை அது கூறியது. இன்ன பணியை முடிக்க எந்தெந்தக் கட்டளைகளை எவ்வரிசையில் இணைக்க வேண்டும் என்பதை, பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம்தான் கேட்டறிய வேண்டியிருந்தது. பெல் ஆய்வகத்தில் அத்தகையவர் பக்கத்து இருக்கையில் இருந்தார் என்பதால் அக்குறை பெரிதாகத் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் எவரும் இல்லாத பயனருக்கு என்ன நேர்கிறது என்பதை 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரலும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். சொற்செயலி கற்க வந்தவர்கள் கையேட்டை முதற்பக்கத்திலிருந்து படிக்கவில்லை. தமக்கு வேண்டிய ஒரு கடிதத்தைத் தட்டச்சிட முனைந்தனர். தடுமாறிய இடத்தில் மட்டும் கையேட்டைப் புரட்டினர். இதைக் கற்போரின் சோம்பலாகக் கருதாமல் கற்றலின் இயல்பாகவே கண்டார் கேரல். அதன் அடிப்படையில், உண்மையான பணியை மையமாகக் கொண்ட சுருக்கக் கையேடுகளை அவர் முன்வைத்தார். 1990 இல் வெளிவந்த 'நியூரன்பெர்க் புனல்' என்ற அவரது நூல் இவ்வாய்வுகளின் தொகுப்பாகும். அறிவைப் புனல் வழியாகத் தலைக்குள் ஊற்றிவிட முடியும் என்ற நம்பிக்கையை மறுப்பதே அத்தலைப்பின் உட்பொருள்.

இதே காலத்தில் 'சமையற்குறிப்பு நூல்' என்ற சொல் நிரலாக்க நூல்களின் தலைப்பில் இடம்பெற்று வந்தது. அடோபி நிறுவனம் 1985 இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிக்கு இரு நூல்களை வெளியிட்டது. சிவப்பு அட்டை கொண்டது உசாத்துணைக் கையேடு. நீல அட்டை கொண்டது பயிற்சிப் பாடமும் சமையற்குறிப்பும் அடங்கியது. ஒரே மொழிக்கு இரு வேறு வாசகர்கள், அல்லது ஒரே வாசகருக்கு இரு வேறு வேளைகள் உண்டு என்பதை அவ்வண்ணப் பிரிவினை ஏற்றுக்கொண்டது. 1998 இல் டாம் கிறிஸ்டியன்சனும் நேதன் டார்க்கிங்டனும் எழுதி ஓ'ரைலி வெளியிட்ட 'பெர்ல் குக்புக்' இவ்வகைமைக்கு நிலைத்த வடிவம் தந்தது. சிக்கல், தீர்வு, விவாதம், மேலும் காண்க என்ற நான்கு உறுப்புகளைக் கொண்டது ஒவ்வொரு குறிப்பும். இவற்றுள் மூன்றாவது உறுப்பே முதன்மையானது. தீர்வு ஏன் அவ்வாறு அமைந்தது, எவ்விடத்தில் அது பொருந்தாது என்பதை விவாதப் பகுதி கூறியது. அப்பகுதி இல்லாத செய்முறை வெறும் நகலெடுப்புக்கே உதவும்.

2004 இல் ரூபி ஆன் ரெயில்சும் 2005 இல் ஜாங்கோவும் வெளியானபோது இத்தேவை வேறொரு தளத்துக்கு நகர்ந்தது. நிரலகத்துக்கும் சட்டகத்துக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடே அதற்குக் காரணம். நிரலகத்தை நிரலாளர் அழைக்கிறார். சட்டகமோ நிரலாளர் எழுதியதை அழைக்கிறது. ஆகவே எந்தச் செயற்கூறு என்ன செய்யும் என்று அறிந்தால் மட்டும் போதாது. எழுதுவதை எந்தக் கோப்பில், எந்தப் பெயரில், எந்தக் கட்டத்தில் வைத்தால் சட்டகம் அதைக் கண்டுகொள்ளும் என்பதையும் அறிய வேண்டும்.

ஜாங்கோவில் பயனர் ஒரு படத்தைப் பதிவேற்றுவதற்கு வழி செய்வதை எடுத்துக்கொள்ளலாம். எச்.டி.எம்.எல். படிவத்தின் குறியாக்க வகையை மாற்ற வேண்டும். அதே படிவத்தில் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் பாதுகாப்புச் சீட்டைச் சேர்க்க வேண்டும். கோரிக்கையோடு வரும் கோப்புகளைப் படிவப் பொருளுக்குத் தனியே அளிக்க வேண்டும். தரவு மாதிரியில் அதற்குரிய புலத்தை அமைக்க வேண்டும். கோப்புகள் தங்கும் அடைவை அமைப்புகளில் குறிக்க வேண்டும். சேமித்த படம் உருவாக்கக் கணினியின் உலாவியில் தெரிய, அதற்கான முகவரியையும் சேர்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் உசாத்துணையில் உரிய இடத்தில் துல்லியமாக விளக்கப்பட்டிருக்கலாம். எனினும் இந்த ஆறும் சேர்ந்தே ஒரு பணி என்பதைச் சொல்லும் பக்கம் இல்லையெனில், புதியவர் ஐந்தைச் செய்துவிட்டு ஆறாவதற்காக நாள் முழுதும் அலைவார். பல வேளைகளில் பிழைச் செய்தி கூடத் தோன்றாது; படம் வராது, அவ்வளவே.

இந்நெருக்கடியைச் சட்டகச் சமூகங்கள் விரைவிலேயே உணர்ந்தன. பெர்ல் மொழியின் கேட்டலிஸ்ட் தன் கையேட்டிலேயே சமையற்குறிப்புப் பகுதியைச் சேர்த்தது. கேக்பி.எச்.பி. தன் முழு ஆவணத்துக்குமே 'குக்புக்' என்று பெயரிட்டது. ரெயில்சுக்கு 2006 இல் சாட் ஃபௌலரின் 'ரெயில்ஸ் ரெசிப்பீஸ்' நூல் வந்தது. கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ, 2008 இல் 1.0 பதிப்பை எட்டியபோது தன் ஆவணங்களைப் பயிற்சிப் பாடம், பொருள்வாரி வழிகாட்டி, உசாத்துணை, செய்முறை எனப் பிரித்து அடுக்கியது. பின்னர் டேனியல் ப்ரோசிடா இந்நால்வகைப் பகுப்பைப் பொதுக் கோட்பாடாக வளர்த்தார். பயிற்சிப் பாடம் கற்பவருக்குரியது. செய்முறை பணியில் இருப்பவருக்குரியது. இரண்டையும் கலந்தால் இருவருக்கும் பயன்படாது என்பது அவர் வலியுறுத்திய கருத்து.

செய்முறைக்கு எதிரான வாதங்களையும் வரலாறு பதிவு செய்துள்ளது. 1986 இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'நியூமெரிக்கல் ரெசிப்பீஸ்' அறிவியலாளரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. கணிதத்தை உணராமல் நிரலை எடுத்தாளும் வழக்கத்தை அது வளர்க்கிறது என்ற கண்டனமும் உடன் எழுந்தது. வலைத்துறையில் விளைவு இன்னும் கடுமையானது. பயனர் தட்டச்சிட்ட சொல்லை அப்படியே எஸ்.கியூ.எல். வினவலோடு ஒட்டும் பழைய பி.எச்.பி. குறிப்புகள், தாக்குதலுக்கான வாயிலை எண்ணற்ற தளங்களில் திறந்துவைத்தன. அக்குறிப்புகள் நம்பியிருந்த பழைய மைஎஸ்.கியூ.எல். நீட்சி 2015 இல் பி.எச்.பி. 7 உடன் நீக்கப்பட்ட பின்னரும் அவை படிக்கப்பட்டன. சிம்ஃபனி சட்டகத்தில் சிக்கல் வேறு வகையினது. 'நூல்', 'குக்புக்' என்று இரண்டாகப் பிரிந்திருந்த அதன் ஆவணங்கள் பெருகியபோது, எதை எங்கே தேடுவது என்பதே கேள்வியாயிற்று. 2016 இல் அப்பிரிவு கைவிடப்பட்டு, அனைத்தும் பொருள்வாரியாக ஒன்றிணைக்கப்பட்டன.

எனினும் இவ்வெதிர்வாதங்கள் செய்முறையின் தேவையை மறுப்பதில்லை; அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதையே வரையறுக்கின்றன. எந்தப் பதிப்புக்கு உரியது என்ற குறிப்பு, ஏன் என்ற விளக்கம், சட்டகம் மாறும்போது உடன் திருத்தும் பொறுப்பாளர் ஆகிய மூன்றும் இல்லாத செய்முறையே தீங்கு செய்கிறது. அதிகாரபூர்வ ஆவணத்தில் செய்முறை இல்லாதபோது மக்கள் செய்முறை இல்லாமலே இருந்துவிடுவதில்லை; எவரோ எப்போதோ எழுதிக் கைவிட்டதைத் தேடி எடுக்கின்றனர். அந்த வெற்றிடமே பாதுகாப்பற்ற குறிப்புகளின் விளைநிலம்.

இந்தியச் சூழலில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், ஏறத்தாழப் பத்து நிமிட ஒலி-ஒளிப் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வழங்கி, கேட்டவாறே உடன் செய்து பார்க்கும் முறையைப் பரப்பியது. அங்கேயே இயங்கும் ஃபாசி திட்டம், பாடநூல்களின் தீர்க்கப்பட்ட கணக்குகளுக்கு சைலேப் நிரல் எழுதும் பணியை மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒப்படைத்தது. வழிகாட்ட மூத்த நிரலாளர் இல்லாத கல்லூரிகளை எண்ணிச் செய்யப்பட்ட முயற்சிகள் இவை. தேர்வுக்கான வரையறைகளைக் கற்று முடித்த மாணவர், முதன்முதலாக ஒரு முழுச் செயலியைக் கட்ட அமரும்போது எதிர்கொள்வது உசாத்துணைக் கையேட்டைத்தான். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியக்கூடும். அடுத்து எதைச் செய்வது என்பது மட்டும் விளங்காது. அத்தோல்வியைத் தம் திறமைக்குறை என்றே அவர் எண்ணிக்கொள்வார்.

எழுதப்படாத செய்முறை அழிந்துவிடுவதில்லை. அது பெருநகர நிறுவனங்களின் அடுத்தடுத்த இருக்கைகளுக்குள் வாய்மொழியாகவே உலவுகிறது. திறந்த மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருப்பது உண்மையே. ஆனால் அதைக் கொண்டு ஒரு பொருளைச் செய்து முடிக்கும் அறிவு திறந்திருக்கிறதா என்பதை, அச்சட்டகத்தின் செய்முறைப் பக்கங்களே தீர்மானிக்கின்றன.