கரிபிய நாடுகளில் மருத்துவக் கல்வி

கரிபிய நாடுகளில் மருத்துவக் கல்வி என்பது, கரிபியக் கடலின் தீவு நாடுகளிலும், அவற்றுடன் சேர்த்து எண்ணப்படும் கயானா, பெலீசு ஆகிய நிலப்பரப்பு நாடுகளிலும் உள்ள மருத்துவப் பள்ளிகளில் அளிக்கப்படும் கல்வியைக் குறிக்கும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருப்பதால் தமிழ்நாட்டு மாணவர் சிலரும் இந்நாடுகளுக்கு, குறிப்பாகக் கயானாவுக்கு, செல்கின்றனர். அவர்கள் திரும்பிவந்து இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற இயலுமா என்பது, சேர்ந்த பள்ளி எவ்வகையைச் சார்ந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

இருவகைப் பள்ளிகள்

முதல் வகையின, அந்நாடுகளின் சொந்தத் தேவைக்காக அமைந்தவை. இவற்றுள் மூத்தது மேற்கிந்தியப் பல்கலைக்கழகம். இது 1948 இல் ஜமைக்காவின் மோனா என்னுமிடத்தில் 33 மருத்துவ மாணவர்களுடன் தொடங்கியது.

இரண்டாம் வகையின, ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவ இடம் கிடைக்காதோரை நோக்கித் தனியார் நிறுவியவை. கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் 1976 இல் நிறுவப்பட்டது. 1983 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா கிரெனடா மீது படையெடுத்தபோது, அங்குப் பயின்ற அமெரிக்க மாணவர்களின் பாதுகாப்பை ஒரு காரணமாகக் கூறியது. ஒரு மருத்துவக் கல்லூரி படையெடுப்பு ஒன்றின் வரலாற்றில் இடம்பெற்றது அரிய நிகழ்வே. இயற்கைச் சீற்றங்களால் இடம்பெயர்ந்த பள்ளிகளும் உண்டு. டொமினிக்காவில் 1978 முதல் இயங்கிய ராஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, 2017 ஆம் ஆண்டின் மரியா சூறாவளிக்குப் பின் பார்படோசுக்கு மாறியது.

பாடமுறை

இரண்டாம் வகைப் பள்ளிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் அடிப்படை அறிவியல் தீவிலேயே கற்பிக்கப்படும். அடுத்த இரண்டு ஆண்டுகளின் மருத்துவமனைப் பயிற்சி பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்க மருத்துவமனைகளில் நடைபெறும். இங்கு வழங்கப்படும் எம்.டி. என்பது முதல் மருத்துவப் பட்டமே. இந்தியாவில் அப்பெயரில் வழங்கப்படும் பட்ட மேற்படிப்பு அன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரே வருவோருக்கு முன்மருத்துவப் படிப்பு ஒன்றும் சேர்க்கப்படுவதுண்டு.

இந்திய விதிகள்

வெளிநாட்டில் மருத்துவம் பயில விரும்பும் இந்தியர் 2018 முதல் நீட் தேர்வில் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 இல் வெளியிட்ட விதிகள் மேலும் கடுமையானவை. அவற்றின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கிலவழியில் நடைபெற வேண்டும். படிப்பும் 12 மாதப் பயிற்சியும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்திலேயே முடிக்கப்பட வேண்டும். பட்டம் வழங்கிய நாடு தன் குடிமக்களுக்கு அளிக்கும் அதே உரிமத்திற்கு அப்பட்டதாரியும் தகுதியுடையவராதல் வேண்டும். படிப்பு முழுவதும் பத்தாண்டுகளுக்குள் முடிய வேண்டும்.

தீவில் பாதி, அமெரிக்காவில் பாதி என்னும் பாடமுறை இவ்விதிகளோடு நேரடியாக முரண்படுகிறது. அமெரிக்காவில் பணியாற்ற விரும்புவோருக்கு நற்பயன் தரும் அதே ஏற்பாடு, ஊர் திரும்ப விரும்புவோருக்குத் தடையாகிவிடுகிறது. விதிகள் வெளியாகுமுன் சேர்ந்தோருக்கு இவை பொருந்தா.

ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஒப்புதல் வழங்குவதில்லை. ஆதலால் "இந்திய ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றது" என முகவர்கள் செய்யும் விளம்பரத்திற்குப் பொருளில்லை. பெலீசு நாட்டின் சில நிறுவனங்களில் சேரவேண்டாமென 2025 இல் ஆணையமே எச்சரித்தது.

கயானா

கயானா தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருப்பினும், கரிபியச் சமூகம் என்னும் நாடுகளின் கூட்டமைப்பின் தலைமைச் செயலகம் அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனிலேயே உள்ளது. 1838 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழிவந்தோர் இங்குப் பெருந்தொகையினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் அவர்களுள் அடங்குவர். 2010 இல் இங்கு நிறுவப்பட்ட டெக்சிலா அமெரிக்கன் பல்கலைக்கழகம் இந்திய மாணவர்களைப் பெரிதும் ஈர்த்தது.

தமிழ்நாடு திரும்பிய பின்

திரும்பியோர் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வில் 300 க்கு 150 மதிப்பெண் பெறுதல் வேண்டும். 2002 இல் தொடங்கிய இத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. அதன்பின் இந்திய மருத்துவமனையில் 12 மாதங்கள் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். இதற்கும் வரம்புண்டு: 2022 ஆம் ஆண்டின் சுற்றறிக்கைப்படி, ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் 7.5 விழுக்காடு அளவுக்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். நெம்மேலி, மாமல்லபுரம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த ஒருவர், 1965 இல் தொடங்கப்பட்ட அண்மையிலுள்ள செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் நாடுவது இயல்பு. ஆனால் நூறு இடங்கள் உள்ள கல்லூரி ஒன்றில் இவ்வரம்பின்படி ஏழு பேருக்கே இடமுண்டு. உருசியா, சீனா, பிலிப்பைன்சு முதலிய நாடுகளிலிருந்து திரும்புவோரும் அதே ஏழு இடங்களுக்கே விண்ணப்பிக்கின்றனர்.