ஒன்றுக்குப் பத்து: ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் வேலையோ ஆபீஸ் வேலையோ இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள். வகுப்பிலும் நான் மணி அடித்த பிறகு நிறுத்தியவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, டாக்காவில் நம் இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. 22 ஆண்டுகளில் அவர்களிடம் நாம் தோற்றது இதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் நம் வாட்ஸ்அப் குழுவில் அறுபது செய்திகள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சேர்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நேராக என்னைக் கேட்டுவிட்டார்: "சார், கோச் காலித் ஜமீலைத் தூக்கணுமா, வெச்சுக்கணுமா? வரலாற்று வாத்தியார் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க." என் தங்கை மருமகன் அதற்குக் கீழேயே "இதுல யோசிக்க என்ன இருக்குங்க மாமா" என்று போட்டிருந்தார்.

யோசிக்க இருக்கிறது மாப்பிள்ளை. ஆனால் அதற்கு நாம் 1952-க்குப் போக வேண்டும்.

ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒருவர் இருந்தார். 1909-இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். தொழில்? நம்ம தொழில்தான், பள்ளிக்கூட வாத்தியார். இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டது பெரிய குறை. பாடத்திட்டத்தில் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். பாடத்திட்டத்தில் இல்லாத எத்தனையோ கதைகளை அளந்திருக்கிறேன், அந்தச் சாக்கு செல்லாது.

ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி ரஹீமின் பயிற்சியில்தான் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம். கோல் அடித்தவர் மேவாலால், கேப்டன் சைலன் மன்னா.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். ஜூலை மாதம் என்றாலும் அந்த ஊர்க் குளிர் நம்மவர்களுக்குப் புதிது. எதிரே யுகோஸ்லாவியா. அந்த ஒலிம்பிக்கிலேயே பின்னால் வெள்ளி வென்ற அணி. நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். நான்கு வருடத்துக்கு முன் லண்டனில் அப்படி ஆடித்தான் பிரான்சை நடுங்க வைத்தார்கள். 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணானது. நம் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோல் அது. பெயரைப் பார்த்ததும் உங்களில் சிலருக்கு மீசை துடிக்கும் என்று தெரியும், அதனால்தான் சேர்த்தேன்.

ஹெல்சிங்கியில் வெறுங்கால் எடுபடவில்லை. 1-10. கடைசி நேரத்தில் அஹமத் கான் போட்ட அந்த ஒன்றும் இல்லையென்றால் 0-10.

பத்து கோல் பிள்ளைகளா. இன்று ஒன்று வாங்கினதற்கே அறுபது மெசேஜ். அன்று செல்போன் இருந்திருந்தால் ரஹீம் ஹைதராபாத் திரும்பியிருக்கவே முடியாது.

ஆனால் நடந்தது வேறு. முதலில் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. தோல்விக்கு ஒரு காரணத்தைக் கண்டு அதைச் சரிசெய்தார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் அணியை அதே ரஹீமிடமே கொடுத்தார்கள். ரஹீமும் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்குப் பந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டுவதை நிறுத்தி, வந்த பந்தை ஒரே தொடுதலில் அடுத்தவனுக்குத் தள்ளச் சொன்னார். வலது கால்காரனை இடது காலால் மட்டும் ஆடவிட்டுத் தனியாகப் போட்டி வைப்பாராம். இடது கையால் எழுதச் சொல்லி நான் உங்களுக்கு ஒரு தடவை தண்டனை கொடுத்தேனே, அது வேறு, இது வேறு. பிரேசில் 1958-இல் உலகக் கோப்பை ஜெயித்து 4-2-4 ஆட்டமுறையை ஊரறியச் செய்வதற்கு முன்னாலேயே ரஹீம் அதை இங்கே பழக்கிவிட்டார் என்று கால்பந்து வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தினோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் எதிரே மறுபடியும் அதே யுகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது! பிறகு 1-4 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அதுவரை எந்த ஆசிய அணியும் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

பத்து கோல் வாங்கிய இரவிலிருந்து அந்த நாளுக்கு நான்கு ஆண்டு, நான்கு மாதம் சொச்சம்.

1960 ரோம் ஒலிம்பிக்கை வேகமாகக் கடக்கிறேன். ஹங்கேரியிடம் 1-2, பிரான்சோடு 1-1, பெருவிடம் 1-3. பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர் நம் தமிழர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கால்பந்து கோல் இன்றுவரை அதுதான். முதல் கோல் ராமன், கடைசிக் கோல் சுந்தரராஜ். அதற்குப் பிறகு நாம் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

1962 ஜகார்த்தாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடாததை நம் நாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியதால் ஊரே நம்மவர்கள்மேல் கோபமாக இருந்தது. நம் தேசிய கீதம் ஒலிக்கும்போதே கூச்சல். அந்தக் கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கிக்காரர்கள் மட்டும் நமக்காகக் கை தட்டினார்கள் என்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

தலையில் தையல் போட்ட தடுப்பாட்டக்காரரை ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? முன்வரிசையில் நிறுத்தினார். அவர் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் கோல் போட்டார். உடம்பு சரியில்லாமல் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்துக்கு எழுப்பிக் கொண்டுவந்தார். சென்னை ராணுவ அணியில் ஆடி வளர்ந்தவர் தங்கராஜ். செப்டம்பர் 4. முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். வயது 53. 2024-இல் வந்த 'மைதான்' படம் இவர் கதைதான். சினிமாவுக்கான மசாலா உண்டு, ஆனாலும் பேரப்பிள்ளைகளோடு பாருங்கள்.

நிற்க. "அப்போ காலித் ஜமீலை வெச்சுக்கணும்னு சொல்ல வர்றீங்க, அதானே சார்?" என்று நீங்கள் முந்திக்கொள்வீர்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு உதாரணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் பரீட்சையில் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

ரஹீம் ஹெல்சிங்கிக்குப் போகும்போது அவர் கணக்கில் ஓர் ஆசியத் தங்கம் இருந்தது. காலித் ஜமீலுக்குத் தேசிய அணியில் அப்படி ஒரு சேமிப்பு இல்லை. வைத்திருந்தும் விளங்காத கதையும் நம்மிடம் உண்டு. குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் 2019-இலிருந்து ஐந்து ஆண்டு இருந்தார். தெற்காசியக் கோப்பையை இரண்டு முறை ஜெயித்தார், தரவரிசையில் 100-க்குள் கொண்டுவந்தார். பிறகு 2024-இல் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் நீக்கினார்கள். ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் நான்கு லட்சம் டாலர் கொடுத்துக் கணக்குத் தீர்த்ததாகச் செய்தி வந்தது. பொறுமை மட்டுமே மருந்து என்றால் அங்கே பலித்திருக்க வேண்டும்.

அவருக்குப் பின் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ். ஒரு பக்கம் கோவா அணி, மறு பக்கம் தேசிய அணி என்று இரட்டைக் குதிரைச் சவாரி. எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டார்.

170 விண்ணப்பங்கள் வந்தன. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2017-இல் ஐசால் என்ற சின்ன மலையூர் அணியை வைத்துக்கொண்டு, கொல்கத்தா ஜாம்பவான்களைத் தாண்டி ஐ-லீக் ஜெயித்தவர். மலையடிவாரத்துக்காரனான எனக்கு அவர்மேல் ஒரு சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வந்த மாதமே தஜிகிஸ்தானை அவர்கள் ஊரில் 2-1 என்று ஜெயித்தார், ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வாங்கினார். சிங்கப்பூரில் பத்து பேரோடு ஆடி 1-1. கடைசி நிமிடத்தில் கோல் போட்ட பையன் பெயரும் ரஹீம், ரஹீம் அலி! ஐந்தே நாளில் மட்கானில் அதே சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு அங்கேயே போயிற்று. இப்போது டாக்கா. அந்தத் தகுதிச் சுற்றில் டாக்கா வரையிலான ஐந்து ஆட்டத்தில் இரண்டு புள்ளி, வெற்றியே இல்லை. அதில் முதல் இரண்டு ஆட்டம் மார்க்கெஸ் காலத்தவை என்பதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1952-ஐ நான் எடுத்ததற்குக் காரணம் வேறு. அன்று பத்து கோல் வாங்கிவிட்டு வந்தவரிடம் "ஏன் தோற்றோம்" என்ற கேள்விக்குப் பதில் இருந்தது, அந்தப் பதிலைக் கேட்கச் சம்மேளனத்துக்குக் காதும் இருந்தது. ரஹீமின் ஆட்டக்காரர்களில் பலர் ஹைதராபாத்தில் நித்தமும் அவர் கண்முன் ஆடியவர்கள். இன்று? 2025 நவம்பரில் நம் ஐ.எஸ்.எல். லீக் எப்போது தொடங்கும் என்றே யாருக்கும் தெரியவில்லை. லீக்கை நடத்த டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-ஆம் தேதியோடு கெடு முடிந்தது. ஒருவர்கூட விண்ணப்பம் போடவில்லை. ஆட்டமே இல்லாமல் வீட்டில் இருக்கும் பையன்களைச் சில நாள் முகாமில் கூட்டிவைத்து ஜெயித்துக்கொண்டு வா என்றால், ரஹீமே கபரிலிருந்து எழுந்து வந்தாலும் திணறத்தான் செய்வார்.

ஆகவே என் தீர்ப்பு: காலித் ஜமீலை அவருடைய இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும் வரை வைத்திருங்கள். வைத்திருப்பதோடு லீக்கை நடத்துங்கள், டாக்காவில் ஏன் தோற்றோம் என்று அவரை எழுத்தில் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால், அப்போது நானே உங்களோடு சேர்ந்து "போய் வாருங்கள்" என்று சொல்கிறேன். லீக்கையும் நடத்தாமல் ஆளை மட்டும் மாற்றினால், அடுத்த ஆகஸ்டில் இன்னொரு 170 விண்ணப்பம் வரும், அவ்வளவுதான். டாக்காவுக்குப் பிறகு ஹாங்காங்கோடு ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. அதன் முடிவு எதுவானாலும் என் பேச்சு இதுதான்.

இவ்வளவு உறுதியாக ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

1994-இல், நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகம் தொகுப்பூதியத்தில் ஒரு கால்பந்து மாஸ்டரை வைத்திருந்தது. அந்த வெள்ளைக்கல் மண்ணில் பிள்ளைகளை மாலை ஆறரை வரை ஓட விடுவார். குறுவட்டப் போட்டியில் 0-7 என்று தோற்றோம். எதிரணி பூட்ஸ் போட்டிருந்தது, நம் பிள்ளைகள் வெறுங்கால். அடுத்த வாரக் கூட்டத்தில் "ஏழு கோல் வாங்கிக் கொடுக்கறவருக்கு எதுக்குங்க சம்பளம்" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தவன் நான். "பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதி, மற்றவர்களிடம் கையெழுத்தும் வாங்கினேன். ஹெல்சிங்கி கதை அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா என்றும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. மாஸ்டர் மறுநாள் வந்து விசிலையும் இரண்டு பந்தையும் என் மேசைமேல் வைத்துவிட்டு, "பசங்க கிட்ட நான் சொல்லிக்கிறேனுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு குறுவட்டத்துக்கு நாங்கள் அணியே அனுப்பவில்லை.

அந்த ஏழு கோல் ஆட்டத்தில் ஆடியவர்களில் நான்கு பேராவது இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். போட்டிக்குப் போகும் முன் கொடிக்கம்பத்துக்கு அருகே நின்று ஒரு படம் எடுத்தோம், மாஸ்டர் வலது ஓரத்தில் நிற்பார். என்னிடம் அதன் பிரதி இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஏற்காடு பஸ் ஏறுகிற தூரம் என்றாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.