சோலையும் புல்வெளியும்: நீலகிரியில் ஒரு நூற்றாண்டுச் சூழலியல் விவாதம்

நீலகிரியின் மேற்குப் பகுதியில், முக்குருத்தி, மேல்பவானி பக்கம் 2,000 மீட்டருக்கு மேல் ஏறினால் காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த சோலை; மேட்டிலும் சரிவிலும் புல். இரண்டுக்கும் இடையிலான எல்லை சில அடி அகலம்தான். ஒருபுறம் பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்க, மறுபுறம் புல்லுக்குள் ஒரு சோலை மரக்கன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. ஒரே மலை, ஒரே மழை. அப்படியிருக்க இரண்டு வகை நிலம் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு அவ்வப்போது தரப்பட்ட விடைகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. இம்மலையை என்ன செய்யலாம் என்பதையும் அவையே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது இந்தப் புல்வெளிகள் இம்மலையின் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேயும் நிலமாக இருந்தன. வருவாய்க் கணக்கு பார்ப்பவர்களின் கண்ணுக்கு அவை பயன்படாமல் கிடக்கும் நிலமாகத் தெரிந்தன. உதகையும் குன்னூரும் வளர வளர விறகுத் தேவை பெருகியது, சோலைகள் வெட்டுப்பட்டன. அதை ஈடுகட்ட ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நடப்பட்டன. எஞ்சிய சோலையைக் காப்பாற்றும் நோக்கமும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது புல்வெளி.

அந்தக் காலத்துத் தாவரவியலும் இந்தப் பார்வைக்குத் துணை நின்றது. அமெரிக்கரான ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் விரிவாக முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு நிலத்தின் தாவரங்கள் படிப்படியாக மாறி, அங்குள்ள தட்பவெப்பத்துக்குரிய உச்ச சமுதாயத்தை அடையும். நல்ல மழை பெறும் இடத்தில் அந்த உச்சம் காடு. அப்படியானால் நீலகிரியில் புல் இருப்பதற்குத் தீயும் மேய்ச்சலும்தான் காரணமாக இருக்க வேண்டும். அது சிதைந்துபோன காடு. இவ்வழியில் சிந்தித்தவர்களுக்கு எதிராக, 1938இல் ‘இந்தியன் ஃபாரெஸ்டர்’ இதழில் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் வேறொரு வாதத்தை வைத்தார்: சோலை மரங்களின் கன்றுகளைத் திறந்தவெளியின் உறைபனி கொன்றுவிடுகிறது, ஆகவே புல்வெளியும் சோலையைப் போலவே தன்னளவில் நிலைபெற்ற சமுதாயம். களத்தில் நின்று பார்த்த ஒருவரின் இந்தக் கணிப்பு, பிறகு வந்த நடவுத் திட்டங்களில் பொருட்படுத்தப்படவே இல்லை.

விவாதத்தின் போக்கை மாற்றிய சான்று சதுப்பிலிருந்து வந்தது. நீலகிரிப் பள்ளங்களில் மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்து பீட் என்னும் மட்காகக் கிடக்கின்றன. புற்களில் பெரும்பாலானவை சி4 முறையிலும் மரங்கள் சி3 முறையிலும் ஒளிச்சேர்க்கை செய்வதால், அவற்றின் உடலில் சேரும் கார்பன் 13இன் விகிதம் வேறுபடும். மட்கிய பிறகும் அந்த வேறுபாடு அழியாது. இதை அளந்து, ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் சுமார் 20,000 ஆண்டு வரலாற்றை வெளியிட்டனர். பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல் ஓங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் பெருகின. மனிதர் காட்டை அழித்ததால் உண்டான வெளி இது என்ற கூற்று அத்துடன் வலுவிழந்தது. புல்வெளியின் பரப்பு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஆனால் அதன் வயது மிகப் பெரிது.

ரங்கநாதன் சொன்ன உறைபனிக்கும் பின்னர் களச் சான்று கிடைத்தது. மேகமற்ற குளிர்கால இரவில் திறந்த புல்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து உறைகிறது. சோலைக்குள் மர விதானம் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, புல்வெளியில் வைத்த சோலை மரக்கன்றுகள் பனியில் மடிவதையும் சீகைக் கன்றுகள் அதைத் தாங்குவதையும் காட்டியது. சோலையும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துவந்த எல்லையை அயல் மரம் எளிதாகத் தாண்டிவிடுகிறது.

அந்தப் புல்வெளியில் வாழ்பவற்றைப் பார்த்தால் இழப்பின் கனம் புரியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வது இந்தப் புல்லில். நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை கூடு வைப்பது புல் தூர்களுக்கு அடியில். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இங்கே சரிவுகளை மூடுகிறது. புல்லுக்கு நடுவே தனித்து நிற்கும் உள்நாட்டு மரம் ரோடோடெண்ட்ரான்; தடித்த பட்டையால் தீயைத் தாங்குகிறது. ஈரப் புல்வெளியில் வளரும் ஒரு தனிவகைப் புல்லைக் கொண்டே தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்கிறார்கள். அந்தப் புல் அருகினால் ஒரு சடங்கின் கூரையும் சேர்ந்து போகும்.

விடுதலைக்குப் பிறகு நடவு வேகமெடுத்தது. தோல் பதனிடச் சீகைப்பட்டையும், ரேயான் ஆலைகளுக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட்டன. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். நடாத இடங்களுக்கும் அது பரவியது இப்படித்தான். கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டில் ஓடை நீர் சராசரி 16 சதவீதம் குறைந்தது. பைக்காரா, குந்தா மின்நிலையங்களுக்கு நீர் தரும் மலையில் இது சிறிய எண் இல்லை. இதே வகைப் புல்வெளி உள்ள பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் நிறுவியிருக்கிறார்கள்.

இன்று சீகையை அகற்றும் பணி நடக்கிறது. அதிலும் நிதானம் வேண்டும். பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்துள்ளன. அங்கே எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டினால், திறந்த மண்ணில் மீண்டும் சீகையே முந்தும். புல்லுக்குள் புதிதாக ஊடுருவும் இளஞ்செடிகளைப் பிடுங்குவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். மரக்கன்றோடு மலையேறும் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நடுமுன் அந்த இடத்தில் முன்பு என்ன வளர்ந்தது என்று அவ்வூர்த் தோடர்களையும் படுகர்களையும் கேளுங்கள். புல் என்று சொன்னால், கன்றைத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.