முள்ளின் சாய்வு

மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே கருவிகள் பதிக்கப்பட்டிருக்கும் பலகைக்கு டாஷ்போர்டு என்று பெயர். இது குதிரை வண்டிக் காலத்துச் சொல். குளம்புகள் வாரி இறைக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் தெறிக்காதிருக்க முன்புறம் அடிக்கப்பட்ட தடுப்புப் பலகையே டாஷ்போர்டு. குதிரை போன பின்னும் பெயர் நிலைத்தது. சேற்றைத் தடுத்த இடத்தில் வேகத்தையும் வெப்பத்தையும் எரிபொருளையும் காட்டும் முட்கள் வந்தமர்ந்தன. அம்முட்கள் காட்டும் அளவு எவ்வளவு மெய் என்று ஆராயப் புகுந்தால், அது பொறியியலோடு நின்றுவிடாமல் சட்டத்திற்கும் வணிகத்திற்கும் மனித மனத்திற்கும் நம்மை இட்டுச் செல்கிறது.

இக்கருவிகளுள் தொன்மையானது தூரமானி. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் நூலின் பத்தாம் பகுதியில் அதை விவரிக்கிறார். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி நகரும் சக்கரம் 400 முறை சுழன்றால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைல் ஒன்று கழிந்ததும் பற்சக்கரங்கள் ஒரு சிறு கல்லை வெண்கலப் பாத்திரத்தில் விழச் செய்யும். பயணத்தின் முடிவில் கற்களை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். வெறும் எண்ணிக்கைதான் இங்கு அளவு. ஆகவே பிழைக்கு இடம் குறைவு.

வேகம் அப்படியன்று. அதைக் கணந்தோறும் காட்ட ஒரு வழி வேண்டும். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸே 1902ஆம் ஆண்டு பெர்லினில் பதிவு செய்த காப்புரிமை அவ்வழியைத் தந்தது. சக்கரத்தின் ஓட்டத்தோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் கவிந்து நிற்கும் உலோகக் கிண்ணத்தில் அச்சுழற்சி மின்னோட்டத்தை எழுப்பும்; கிண்ணமும் காந்தத்தோடு திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுக்கும். இழுபறி சமனாகும் இடத்தில் முள் நிற்கும். 1980கள் வரை பெரும்பாலான கார்கள் இந்த ஏற்பாட்டையே நம்பின. வில் தளரும், காந்தம் வலுக்குறையும். முள் சற்றே பிசகுவது இயல்பு.

இன்று காந்தமும் வில்லும் போய், மின்னணு உணரிகள் சக்கரத்தின் சுழற்சியை எண்ணுகின்றன. இருந்தும் முள் இன்னமும் கூடுதலாகவே காட்டுகிறது. இது கருவியின் இயலாமை அன்று. வேண்டுமென்றே வைக்கப்பட்ட சாய்வு. ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, வேகமானி ஒருபோதும் உண்மை வேகத்திற்குக் குறைவாகக் காட்டலாகாது என்கிறது. கூடுதலாகக் காட்ட மட்டும் கார்களுக்கு இடமளிக்கிறது: உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கும், அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும். அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 114 என்று காட்டினாலும் குற்றமில்லை. 99 என்று காட்டினால் குற்றம்.

தயாரிப்பாளர் ஏன் மிகச் சரியாகவே வைத்துவிடக் கூடாது? விடை டயரில் இருக்கிறது. புதிய டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும் வரிப்பள்ளம், பல நாடுகளின் சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்போது, 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் ஏறக்குறைய 2 சதவீதம் சிறுக்கிறது. காற்றழுத்தம் குறைந்தாலும் சக்கரம் சிறுக்கும். உரிமையாளர் பெரிய டயரை மாட்டினால் பெருக்கும். பெருத்த சக்கரத்தில் முள் குறைத்துக் காட்டிவிடக் கூடாதே என்றுதான் தொழிற்சாலையிலேயே சற்றுக் கூட்டி வைத்து அனுப்புகிறார்கள்.

சட்டம் முகப்பளவையே திருத்திய காலமும் உண்டு. அமெரிக்காவில் 1979இல் நடைமுறைக்கு வந்த விதி, வேகமானியின் எண்கள் மணிக்கு 85 மைலோடு நிற்க வேண்டும் என்றும், அன்றைய உச்ச வரம்பான 55 தனித்துத் தெரிய வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதைவிட விரைந்து ஓடக்கூடிய வண்டிகளும் 85க்கு மேல் எண்ணின்றி நின்றன. எண் இல்லையேல் ஆசையும் இராது என்பது எதிர்பார்ப்பு போலும். 1982இல் அவ்விதி கைவிடப்பட்டது.

தூரமானிக்கு இத்தகைய சலுகை கிடைக்கவில்லை. காரணம் எளிது: தூரம் என்பது பணம். பழைய வண்டியின் விலையும் உத்தரவாதக் காலமும் வாடகைக் கணக்கும் அதைச் சார்ந்தவை. அமெரிக்கா 1972இலேயே தூரமானியைத் திருத்துவதைக் கூட்டரசுச் சட்டத்தால் தடுத்தது. 2000களில் அங்கு ஹோண்டா நிறுவனத்தின் மீது, தூரமானி சில சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வழக்குத் தொடரப்பட்டது. அது சமரசத்தில் முடிந்தபோது, சுமார் 60 லட்சம் வண்டிகளுக்கு உத்தரவாதத் தூரம் 5 சதவீதம் நீட்டிக்கப்பட்டது. ஒரே பலகையில் வேகத்திற்குப் பத்து சதவீதம் பொறுக்கப்படுகிறது. தூரத்திற்குச் சில சதவீதமும் நீதிமன்றம் வரை செல்கிறது. பிழையால் இழப்பவர் யார் என்பதே பிழையின் எல்லையை வகுக்கிறது.

வேகமானியின் சாய்வாவது ஓட்டுநரைக் காப்பதற்கானது. வெப்பத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் காட்டும் முட்களின் கதை வேறு. 1912இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின் மேலேயே பொருத்தப்பட்ட உண்மையான வெப்பமானி. அதன் திரவம் ஏறுவதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காணலாம். 1930களில் ஹட்சன் கார்களில் முள்ளுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்குகள் வந்தன. பிற்காலத்தார் அவற்றை ‘முட்டாள் விளக்கு’ என்று எள்ளினர். ஆனால் விளக்கிடம் ஒரு நேர்மை உண்டு. நலம், கேடு என்னும் இரண்டை மட்டுமே தான் அறிவதாக அது ஒப்புக்கொள்கிறது.

பின்னர் நேர்ந்ததுதான் நம் கவலைக்குரியது. மேடேறும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் எஞ்சினின் வெப்பம் ஏறி இறங்குவது இயற்கை. முள் அசைவதைக் கண்டு உரிமையாளர்கள் அஞ்சினர். எனவே பல கார்களில், பரந்ததொரு வெப்ப எல்லைக்குள் முள் நடுவிலேயே நிற்குமாறு செய்துவிட்டார்கள். மாஸ்டாவின் மியாட்டா காரில் தொடக்கத்தில் இருந்த மெய்யான எண்ணெய் அழுத்தமானி, 1990களின் நடுவில் ஒரு வெறும் மின்விசையின் முகமூடியாயிற்று. குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லையேல் விழுந்துவிடும். விளக்கின் அறிவை முள்ளின் உடையில் காட்டுவது இது.

இதன் விளைவு சிறிதன்று. நடுவில் உறைந்த முள் கடைசியில் நகரும்போது, அலுமினிய சிலிண்டர் தலை வளையும் ஆபத்து நெருங்கியிருக்கலாம். குளிர்நீர் முற்றும் ஒழுகிவிட்டால், நீரில் நனைந்திருக்க வேண்டிய உணரி வெறுங்காற்றில் நின்று, முள்ளை இயல்பு நிலையிலேயே காட்டவும் கூடும். முள் அசையவில்லை என்பதால் கேடில்லை என்று முடிவு செய்யலாகாது. குளிர்நீரின் அளவைக் கண்ணால் பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் தேவை.

உண்மை மறைந்துவிடவில்லை என்பது ஆறுதல். எஞ்சினை ஆளும் கணினி வெப்பத்தைப் பாகை பாகையாக அறிந்துதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான பொதுச் செருகுவாயில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினால் அந்த எண்ணை நாமே படிக்கலாம். வேகத்திற்கும் சாட்சி உண்டு. குடிமக்களுக்கான செயற்கைக்கோள் சமிக்ஞையில் தான் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. நேரான சமதளச் சாலையில் சீராகச் செல்லும்போது, கைப்பேசி காட்டும் வேகம் முள் காட்டுவதைவிட மெய்க்கு நெருக்கமானது.

விட்ருவியஸின் கற்கள் யாரையும் தேற்றுவதற்காக விழவில்லை. இன்றைய முட்கள் அளப்பதோடு அறிவுரையும் கூறுகின்றன. சில சமயம் தாலாட்டவும் செய்கின்றன. துலாக்கோல் எப்பக்கம் சாய்கிறது என்று அறிந்தவன் அதைக்கொண்டே சரியாக நிறுத்துவிடுவான். சாய்வே இல்லை என்று நம்புகிறவன்தான் ஏமாறுகிறான்.