முதுமைப் பாகுபாட்டை அளவிடுதல்

வயதாகிவிட்டது என்பதற்காகவே ஒருவர் ஒதுக்கப்படுவதையும் உரிமை மறுக்கப்படுவதையும் அவரிடமே கேட்டு மதிப்பெண்ணாகப் பதியும் ஆய்வுமுறை இது. முதியோரைப் பற்றிப் பிறர் கொண்ட மனப்பான்மையை அளக்கும் ஃப்ரபோனி அளவுகோல் (1990) போன்றவை வேறு வகையைச் சேர்ந்தவை.

இப்பாகுபாட்டுக்கு 1969இல் ஆங்கிலத்தில் தனிப்பெயர் கொடுத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்கும் ஆய்வாளர் எர்ட்மன் பால்மோரின் 20 வினாக்கள் 2001இல்தான் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘ஒருமுறை’, ‘பலமுறை’ என மூன்றே விடைகள். முதுமையைக் கேலி செய்யும் நகைச்சுவையும் வாடகை வீடு மறுக்கப்பட்டதும் இதில் ஒரே மதிப்பெண் பெறுகின்றன, பெரிய குறைதான்.

ஆய்வாளர் டேவிட் வில்லியம்ஸ் 1990களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் நடந்த ஆய்வுக்காக அமைத்த வினாக்கள் வேறு வழியில் செல்கின்றன. முதலில் அவமதிப்பு நேர்ந்ததா என்று கேட்டு, காரணத்தைப் பிறகே கேட்கின்றன. ‘வயதால்’ என்ற சொல்லை வினாவிலேயே வைத்தால் பதிலும் அந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதால் இவ்வரிசைக்கு மதிப்புண்டு. எதையெல்லாம் பாகுபாடாகக் கணக்கிடுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2019 டிசம்பர் கருத்துக்கணிப்பில், 50 முதல் 80 வயதினரில் சுமார் 93 விழுக்காட்டினர் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு வகை முதுமைப் பாகுபாட்டைச் சந்திப்பதாகத் தெரிந்தது. ஆனால் ‘வயதானால் நோய் வரத்தான் செய்யும்’ என்ற சொந்த எண்ணமும் அந்தக் கணக்கில் அடக்கம். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை.

முதிய அகதிகளிடம் இதை அளப்பதில் சிக்கல் பல மடங்கு. வேலை கிடைக்காததற்கு வயது காரணமா, அகதி நிலையா, மொழி தெரியாததா என்பது அவர்களுக்கே புலப்படாது. ஒரே காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படிவம் மற்றவற்றை அழித்துவிடுகிறது. வயதே உறுதியில்லாத நிலையும் உண்டு: பிறந்த நாள் தெரியாத பலருக்குப் பதிவேட்டில் ஜனவரி 1 என்று எழுதிவிடுகிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு 60 வயதானவரே முதியவர். போரும் வறுமையும் உடலை முன்கூட்டியே தளர்த்திவிடுவதால், லெபனானில் சிரிய அகதிகளிடையே நடந்த ஆய்வு ஒன்று 50 வயதிலிருந்தே ஆட்களைச் சேர்த்தது.

கேள்வி கேட்பவர் நிவாரணம் தருபவராகத் தோன்றினால் அகதிகள் குறை சொல்லத் தயங்குவார்கள். மகனோ பேத்தியோ மொழிபெயர்த்தால் வீட்டுக்குள் நடக்கும் புறக்கணிப்பு வெளியே வராது. தொலைபேசி ஆய்வுகளில் காது கேளாதவர்களும் சொந்தக் கைபேசி இல்லாதவர்களும் விடுபட்டுப்போகிறார்கள். அவர்களில் முதியோர் அதிகம்.